மூழ்கி எழுந்தபின் வரும் வலியெல்லாம் கடல் தந்ததன்று

மன்னார் வளைகுடாக் கரையூர்களிலிருந்து எங்கள் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு வருவோர் பலரின் கையில் மடித்து மடித்து நைந்துபோன பழைய சீட்டு ஒன்று இருக்கும். சங்கு குளிப்பவர், பாசி எடுக்கும் பெண், விடுமுறையில் ஸ்கூபா பயிற்சிக்குச் சென்று திரும்பிய கல்லூரி மாணவர் என்று ஆள் வேறுபடலாம். சீட்டில் எழுதியிருப்பது ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும்: கடல் அழுத்தக் காயம், ஓய்வு, மூக்குச் சொட்டு மருந்து.

இதை எழுதிய மருத்துவர்களைக் குறை கூறுவது எங்கள் நோக்கமன்று. நாங்களும் இவ்வாறே எழுதியிருக்கிறோம். எழுதித் தவறியும் இருக்கிறோம். அதைப் பின்னர்ச் சொல்வோம். இங்கு நாங்கள் முன்வைக்க விரும்பும் கருத்து இதுதான். கடல் அழுத்தம் என்பது ஒரு நோயின் பெயரன்று, வலி தோன்றிய சூழலின் பெயர். அச்சொல்லைக் கேட்டவுடன் நோயாளியும் குடும்பத்தாரும், சில வேளைகளில் மருத்துவரும், மேற்கொண்டு கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகின்றனர். நெடுநாளாக இருக்கும் சைனஸ் நோய் ஒன்று அச்சொல்லுக்குப் பின்னால் ஆண்டுக்கணக்கில் மறைந்திருந்துவிடுகிறது.

முதலில் சைனஸ் பற்றிச் சிறிது. 'எனக்கு சைனஸ் இருக்கிறது, டாக்டர்' என்று சொல்லிக்கொண்டு வருவோரிடம், 'எல்லோருக்கும் இருக்கிறது' என்று நாங்கள் சொல்வதுண்டு. சைனஸ் என்பது நோயன்று. முகத்தெலும்புகளுக்குள் இயற்கையாக அமைந்த காற்றறை. இவை நான்கு இணைகளாக உள்ளன: நெற்றியில் ஓரிணை, கன்னங்களில் ஓரிணை, மூக்குக்கும் கண்களுக்கும் நடுவே தேன்கூடுபோன்ற சிற்றறைகள், மூக்கின் பின்கோடியில் மண்டையோட்டின் அடித்தளத்தை ஒட்டி ஓரிணை. ஒவ்வோர் அறைக்கும் மூக்கினுள் திறக்கும் ஒரு சிறிய வாசல் உண்டு. அறையின் சளிப்படலம் சுரக்கும் நீர் அவ்வாசல் வழியே வடிகிறது. வெளிக்காற்றின் அழுத்தத்தோடு உள்காற்று சமன்பட்டுக்கொள்வதும் அவ்வழியேதான்.

நீருக்குள் இறங்கினால் இந்தச் சமன்பாடு சோதனைக்கு உள்ளாகிறது. கடலில் 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்காகிறது. அடைபட்ட காற்று பாதியாகச் சுருங்குகிறது. வெறும் 4 மீட்டர் ஆழத்திலேயே காற்றின் கொள்ளளவு 30 விழுக்காட்டுக்கு அருகில் குறைந்துவிடும். ஆகவே 'நாங்கள் இடுப்பளவுக்குச் சற்று மேலேதான் மூழ்குகிறோம், எங்களுக்கு எப்படி வரும்?' என்று பாசி எடுக்கும் பெண்கள் கேட்பதற்கு விடை உண்டு: சுருக்கத்தின் பெரும்பகுதி முதல் சில மீட்டர்களிலேயே நிகழ்ந்துவிடுகிறது. வாசல் திறந்திருந்தால் மூக்கிலிருந்து காற்று உட்சென்று இடத்தை நிரப்பும். வாசல் அடைபட்டிருந்தால் நிரப்பக் காற்றில்லை. சளிப்படலம் வீங்கியும், நுண்ணிய ரத்தக்குழாய்கள் கசிந்தும் அவ்விடத்தை நிரப்புகின்றன. இறங்கும்போது புருவத்துக்கு மேலோ கன்னத்திலோ ஊசி குத்தியதுபோன்ற வலியும், ஏறி வந்தபின் மூக்கிலிருந்து ரத்தம் கலந்த சளியும் வருவது இதனால்தான். நெற்றி சைனசின் வாசல் நீண்டு குறுகியிருப்பதால் அங்கு இத்துன்பம் மிகுதி.

இதுவே உண்மையான சைனஸ் அழுத்தக் காயம். சளி பிடித்திருந்த நாளில் மூழ்கியதால் ஒருமுறை இவ்வாறு நேர்ந்து, சில நாள் நீரில் இறங்காதிருந்தவுடன் ஓரிரு வாரங்களில் முற்றிலும் சரியாகிவிட்டால், அதற்குமேல் ஆராய ஒன்றுமில்லை. வருவோரில் பெரும்பாலோர் இவ்வகையினரே. அவர்களையெல்லாம் ஸ்கேன் மேசையில் படுக்கவைப்பதில் எங்களுக்கு உடன்பாடில்லை.

ஆனால் சளி பிடிக்காத நாளிலும் வலித்தால்? ஒவ்வொரு முறை மூழ்கும்போதும் அதே பக்கத்தில் வலித்தால்? அப்போது கேட்க வேண்டிய கேள்வி வேறு. கடல் அழுத்தியது உண்மை. அந்த வாசல் ஏன் அடைபட்டிருந்தது?

இனிச் சொல்லப்போகும் மூவரும் தங்கள் செய்தியை எழுத இசைவு தந்தவர்கள். அடையாளம் தெரியாதிருக்கச் சிறு விவரங்களை மாற்றியிருக்கிறோம்.

முதலாமவர் ஒரு மாணவி. அந்தமானில் தோழியரோடு ஸ்கூபா மூழ்கியவர். இறங்கும்போதே இடக்கன்னத்தில் அழுத்தம். பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கிவிட்டார். மேலே வந்தபோது முகக்கண்ணாடிக்குள் சிறிது ரத்தம். அன்று மாலை இடக்கன்னமும் மேலுதட்டின் இடப்பாதியும் மரத்துப்போயின. தொலைபேசியில் செய்தி அறிந்த தந்தை இணையத்தில் தேடினார். மூழ்கியபின் மரத்துப்போதல் என்றால் ரத்தத்தில் நைட்ரஜன் குமிழ், உடனே உயர் அழுத்த அறைக்குள் வைக்க வேண்டும் என்று படித்தார். ஊர் திரும்பிய நாளில் விமானத்தில் வலி மீண்டும் எழுந்தது. விமான நிலையத்திலிருந்து நேரே எங்களிடம் அழைத்துவந்தார்.

தந்தையின் அச்சம் பொருளற்றதன்று. குமிழ் நோய் என்று மூழ்குவோர் சொல்லும் நோய் மரத்துப்போதலாகவும் வரும். அதனால் நாங்கள் முதலில் தேடியது அதைத்தான். கை கால்களின் வலு, நடை, உடலெங்கும் தொடுவுணர்வு, சிறுநீர் கழிப்பதில் தடை உண்டா என்பன எல்லாம் பார்த்தோம். உயர் அழுத்தச் சிகிச்சையில் தேர்ந்த மருத்துவர் ஒருவரிடமும் பேசினோம். எல்லாம் இயல்பாக இருந்தன. மரத்துப்போன பகுதியின் எல்லை மட்டும் எங்களுக்கு ஒன்றைச் சொல்லிற்று. கீழிமைக்குக் கீழிருந்து மேலுதடு வரை, மூக்கின் ஓரமும் மேற்பற்களும் உட்பட, ஒரே பக்கம். கன்ன சைனசின் கூரைவழியே ஓடி அப்பகுதிக்குத் தொடுவுணர்வு தரும் நரம்பு ஒன்று உண்டு. சைனசுக்குள் அழுத்தம் மாறும்போது அந்நரம்பு நசுங்கினால் மரத்துப்போகும் இடம் மிகச் சரியாக இதுவே.

விமானத்தில் எப்போது வலித்தது என்றும் கேட்டோம். 'இறங்கும்போது' என்றார். இது சிறிய செய்திபோலத் தோன்றும். விமானம் ஏறும்போது அறையின் அழுத்தம் குறைகிறது. குமிழ் நோய் மோசமாகக்கூடிய வேளை அது. விமானம் இறங்குவதோ நீருக்குள் இறங்குவதுபோல, அழுத்தம் கூடுகிற வேளை. அடைபட்ட சைனஸ் பொதுவாக அப்போதுதான் குத்தும்.

எண்டோஸ்கோப்பில் பார்த்தபோது கன்ன சைனசின் வாசலிலிருந்து சீழ் வடிந்துகொண்டிருந்தது. 'நாற்றம் உண்டா?' என்று கேட்டதற்கு மாணவி தயங்கினார். தாயார்தான் சொன்னார்: 'ஆறேழு மாசமாவே ஒரு மாதிரி வாடை வருதுன்னு சொல்லிட்டே இருந்தா சார், நான்தான் வாயைச் சுத்தமா வச்சுக்கோன்னு திட்டுவேன்.' சி.டி. ஸ்கேனில் இட மேற்கடைவாய்ப் பல் ஒன்றின் வேர்நுனியில் சீழ்ப்பை தெரிந்தது. மேற்கடைவாய்ப் பற்களின் வேர்கள் கன்ன சைனசின் தரையை ஒட்டியே இருக்கின்றன; சிலருக்கு நடுவில் காகிதம்போன்ற மெல்லிய எலும்புதான் உண்டு. முன்பு வேர்ச்சிகிச்சை செய்த அப்பல்லிலிருந்து நோய் சைனசுக்குள் ஏறியிருந்தது. கடல் அதைக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவே. பல் மருத்துவர் பல்லைச் சரிசெய்தபின்தான் சைனஸ் சரியாயிற்று. மரத்துப்போன கன்னம் சில வாரங்களில் மீண்டது. ஒரு பக்க மூக்கிலிருந்து மட்டும் நாற்றமுள்ள சளி வந்தால் முதலில் பல்லைப் பாருங்கள் என்று எங்கள் பயிற்சி மருத்துவர்களுக்கு ஓயாமல் சொல்கிறோம்.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனெனில் எங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு எவரும் உண்மையான மூழ்கல் நோயை 'சைனசாக இருக்கும்' என்று வீட்டில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. சைனஸ் கழுத்துக்குக் கீழே எதையும் செய்யாது. மூழ்கி எழுந்தபின் கை காலில் வலுவிழப்பு, மரப்பு, மூட்டுகளில் ஆழ்ந்த வலி, நடை தள்ளாட்டம், சிறுநீர் பிரியாமை, மார்பு வலி, மூச்சுத்திணறல், தோலில் சலவைக்கல்போன்ற திட்டு, மயக்கம், பேச்சுக் குழறல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் அது சைனசன்று. குமிழ் நோய் பெரும்பாலும் சில மணி நேரத்துக்குள், ஏறத்தாழ எப்போதும் 24 மணி நேரத்துக்குள் வெளிப்படும். நுரையீரலிலிருந்து காற்று தமனிக்குள் புகுந்துவிடும் நிலையோ நீரிலிருந்து எழுந்த சில நிமிடங்களிலேயே ஆளைச் சாய்த்துவிடும். கம்ப்ரசர் குழாயிலோ சிலிண்டரிலோ மூச்செடுத்தவர் மூச்சை அடக்கிக்கொண்டு ஏறினால், குறைந்த ஆழத்திலிருந்தும் இது நேரக்கூடும். உடனே 108-ஐ அழையுங்கள், ஆளைப் படுக்கவையுங்கள், முழு ஆக்சிஜன் கிடைக்கும் இடத்துக்குக் கொண்டுசெல்லுங்கள், மூழ்கியவர் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். ஐயம் இருந்தால் மூழ்கல் நோய் என்றே கொண்டு ஆக்சிஜன் தருவது சரி. பின்னர் அது சைனஸ்தான் என்று தெரியவந்தால் இழப்பொன்றுமில்லை.

கருவியின்றி மூச்சடக்கி மூழ்குவோருக்குக் குமிழ் நோய் வாராது என்ற நம்பிக்கையும் முழு உண்மையன்று. பசிபிக் கடலின் துவாமோத்துத் தீவுகளில் முத்துக்குளிப்போர் நாள் முழுதும் திரும்பத் திரும்ப ஆழத்துக்கு மூழ்கியதால் தலைசுற்றலும் பக்கவாதமும் அடைந்தது மருத்துவ நூல்களில் பதிவாகியுள்ளது. அம்மக்கள் அதைத் தரவானா என்று அழைத்தனர்.

இனி, எங்கள் தவறு.

நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர். இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சங்கு குளிப்பவர். கம்ப்ரசர் குழாய் வழியே மூச்செடுத்து மூழ்குபவர். உச்சந்தலையிலும் கண்களுக்குப் பின்னாலும் தலைவலி என்று வந்தார். மூக்கின் முன்பகுதி தெளிவாக இருந்தது. ரத்தம் இல்லை, சளி இல்லை. 'மூழ்கிட்டு வந்தா கூடுதுங்கய்யா' என்றார். அந்த ஒரு வாக்கியத்தை நாங்கள் பற்றிக்கொண்டோம். கம்ப்ரசர் காற்றில் என்ஜின் புகை கலந்தாலும் தலைவலி வரும் என்பது எங்களுக்குத் தெரியும். காற்று உறிஞ்சும் வாயைப் புகைபோக்கியிலிருந்து தள்ளிவைக்கச் சொன்னோம். ஓய்வெடுக்கச் சொன்னோம். மூன்று முறை வந்தார். மூன்று முறையும் அதையே சொன்னோம். எங்கள் சீட்டிலும் அதே சொல்தான் இருந்தது: கடல் அழுத்தம்.

நான்காம் முறை மனைவி உடன் வந்தார். நாங்கள் அவரைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை, அவராகவே பேசினார். 'கடல் கலங்கிக் கெடக்குற மாசத்துல இவுக தொழிலுக்கே போறதில்லைங்கய்யா. அப்பவும் தலையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் படுத்துக் கெடக்குறாக. இப்போ செல்போன்ல எழுத்து ரெண்டா தெரியுதுங்குறாக.'

கடலுக்குப் போகாத மாதத்திலும் வலிக்கிறதா என்று நாங்கள் ஒருமுறைகூடக் கேட்டிருக்கவில்லை. அன்றே ஸ்கேன் எடுத்தோம். மூக்கின் பின்கோடியில் உள்ள சைனஸ் அறையில் பூஞ்சைக்கட்டி நிறைந்திருந்தது. இந்த அறையின் சுவரையொட்டிப் பார்வை நரம்பு செல்கிறது. கண்ணை அசைக்கும் நரம்புகளும் அருகேதான். இவ்வறையில் மட்டும் நோய் வந்தால் மூக்கில் ஒன்றும் தெரியாமலேயே இருக்கலாம். தலைவலி ஒன்றே குறியாக இருக்கலாம். அதனாலேயே பலவிடங்களில் இது காலந்தாழ்ந்து கண்டறியப்படுகிறது. எண்டோஸ்கோப் வழியே அறையைத் திறந்து பூஞ்சையை அகற்றினோம். இரட்டைப் பார்வை நீங்கிற்று. இன்னும் சில மாதம் நாங்கள் சொட்டு மருந்து எழுதிக்கொண்டிருந்தால் பார்வைக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க விருப்பமில்லை.

அதன்பின் எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் ஏற்படுத்தினோம். மூழ்குவோர் எவர் வந்தாலும், தொழிலுக்குப் போகாத நாள்களில் இந்தத் தொல்லை இருக்கிறதா என்ற கேள்வியும் அதற்கான விடையும் சீட்டின் தலையிலேயே எழுதப்பட வேண்டும். விடையை நோயாளியிடம் மட்டுமின்றி உடன் வந்தவரிடமும் கேட்க வேண்டும். தொழிலாளி தன் வலியைத் தொழிலோடுதான் கோத்துச் சொல்வார். நாள் தவறாமல் அவரைப் பார்ப்பவர் வேறு கணக்கு வைத்திருப்பார்.

சொட்டு மருந்து பற்றியும் ஒரு சொல். மூக்கடைப்பைத் திறக்கும் சொட்டுகள் மருந்துக்கடையில் எளிதாகக் கிடைக்கின்றன. படகேறுமுன் இரண்டு சொட்டு விட்டுக்கொண்டு மூழ்குவோரை நாங்கள் அறிவோம். ஒரு வாரத்துக்கு மேல் தொடர்ந்து பயன்படுத்தினால் அம்மருந்தே மூக்கை அடைக்கத் தொடங்கும். அதைவிடக் கெடுதல் வேறொன்று. மருந்தின் வலு நீருக்குள்ளிருக்கும்போது தீர்ந்துபோனால், இறங்கும்போது திறந்திருந்த வாசல் ஏறும்போது மூடிக்கொள்ளும். உள்ளே அடைபட்ட காற்று விரிய இடமின்றி எலும்பை அழுத்தும். இறங்கும்போது வலித்தால் நின்று மேலேறிவிடலாம். ஏறும்போது வலித்தால், குழாய்க்காற்று தீர்வதற்குள் எப்படியும் மேலே வந்தாக வேண்டும். சொட்டு விட்டுத்தான் மூழ்க முடியும் என்ற நிலையில் உள்ளவர் அன்று மூழ்கக் கூடாது என்பதில் எங்களுக்கு இரண்டாம் கருத்தில்லை.

ஸ்கேன் வேண்டுமா என்பது குடும்பத்தார் அடிக்கடி கேட்பது. மூழ்கி ரத்தம் வந்த மறுநாளே எடுத்த ஸ்கேன் பல வேளைகளில் குழப்பத்தையே தரும். சைனசில் தேங்கிய ரத்தமும் பழைய நோயும் படத்தில் ஒன்றுபோலத் தோன்றலாம். உறைந்த ரத்தம் பூஞ்சைபோலவும் தோன்றலாம். அபாயக் குறிகள் இல்லையென்றால், சில வாரம் கழித்து, ரத்தம் வடிந்தபின் எடுப்பதே பயன்தரும். மற்றொன்று, ஸ்கேன் அறிக்கையில் 'கன்ன சைனசில் சிறு நீர்க்கட்டி', 'சளிப்படலம் தடித்துள்ளது' என்ற வரிகளைக் கண்டு கலங்கி வருவோர் பலர். எந்தத் தொல்லையும் இல்லாதவர்களிடமும் இவை சாதாரணமாகக் காணப்படுகின்றன. அவ்வரிகளுக்காக மட்டும் அறுவை செய்துகொள்ளாதீர்கள்.

நாங்கள் காலந்தாழ்த்தாது பார்க்க விரும்புவது ஒரு பக்கத் தொல்லையை. ஒரே பக்க மூக்கடைப்பு, ஒரே பக்க ரத்தம், ஒரே பக்க நாற்றம் வாரக்கணக்கில் நீடித்தால், மூழ்குபவராயினும் அல்லாதவராயினும், எண்டோஸ்கோப்பில் மூக்கின் உட்பகுதியைப் பார்த்தாக வேண்டும். பதின்வயதுச் சிறுவனுக்கு மீண்டும் மீண்டும் மிகுந்த ரத்தம் வந்தால், கடலில் குதித்து விளையாடியதால் என்று விட்டுவிடாதீர்கள்; அவ்வயதுச் சிறுவர்களுக்கே வரும் ரத்தக்குழாய்க் கட்டி ஒன்று உண்டு. நடுவயதைக் கடந்தவரானால் புற்று இல்லை என்பதை உறுதிசெய்ய வேண்டும். பார்ப்பதற்குச் சில நிமிடங்களே ஆகும்.

மூன்றாமவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இராமநாதபுரம் மாவட்டத்துக்காரர், முப்பது வயதைத் தாண்டியவர். மூழ்கி எழும்போதெல்லாம் வலப்பக்க மூக்கில் ரத்தம். சீட்டில் வழக்கமான சொல். 'உனக்குக் கடல் ஆகலை' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்ல, இரண்டு பருவம் தொழிலுக்குப் போகவில்லை. வாங்கிய கடன் நின்றது. மனைவி கூலிவேலைக்குப் போனார். கடலுக்குப் போகாதபோதும் சில காலைகளில் தலையணையில் ரத்தம் இருந்தது. ஆயினும் எவரும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை, உள்ளே பட்ட காயம் இன்னும் ஆறவில்லை என்று எண்ணிக்கொண்டனர்.

மூக்கினுள் விளக்கைக் காட்டியவுடனே தெரிந்தது. செந்நிறச் சதைவளர்ச்சி, மேலே வெண்புள்ளிகள் தூவியதுபோல. ஸ்ட்ராபெரிப் பழம்போல என்று பாடநூல்கள் வருணிக்கும். தொட்டால் ரத்தம். இந்நோய்க்கு ரைனோஸ்போரிடியோசிஸ் என்று பெயர். 1900-ஆம் ஆண்டில் அர்ஜென்டினாவில் சீபர் என்பவர் முதன்முதலில் விவரித்தது. ஆனால் உலகிலேயே இது மிகுதியாகக் காணப்படுவது இந்தியாவிலும் இலங்கையிலும்தான். நம் தென்மாவட்டங்கள் அதற்குப் பெயர்போனவை. நெடுங்காலம் இதைப் பூஞ்சை என்றே கருதினர். பூஞ்சைக்கும் விலங்குக்கும் இடைப்பட்ட வேறொரு நுண்ணுயிர் வகை என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அது மனிதரிலிருந்து மனிதருக்குத் தொற்றுவதாகத் தெரியவில்லை. ஆகவே வீட்டில் ஒருவருக்கு வந்தால் தட்டையும் குவளையையும் பிரிக்க வேண்டியதில்லை. தேங்கிநிற்கும் நன்னீர், குறிப்பாக மாடுகளும் மனிதரும் சேர்ந்து இறங்கும் கண்மாயும் குளமும் ஊருணியும், இதற்கு இடமாகக் கருதப்படுகின்றன. அந்நீரில் மூழ்கிக் குளிப்போருக்கு மூக்கின் சளிப்படலத்தில் ஏற்படும் நுண்ணிய கீறல் வழியே உட்புகுகிறது.

'எங்கே குளிப்பீர்கள்?' என்று கேட்டோம்.

'கடல்லேருந்து வந்தா உப்புப் போக ஊருணியிலதான்யா. சின்ன வயசுலேருந்து அதுலதான்.'

பல ஆண்டுகளாக அவர் ஒவ்வொரு நாளும் இரண்டு நீரில் மூழ்கிக்கொண்டிருந்தார். இரண்டு பருவம் விலகி நின்றதோ கடலிலிருந்து; ஊருணிக் குளியல் ஒரு நாளும் நிற்கவில்லை. மூழ்கும்போது ரத்தம் வந்ததற்குக் காரணம், தொட்டாலே கசியும் அந்தச் சதைமேல் அழுத்த மாற்றமும் மூக்கைப் பிடித்து ஊதும் காற்றும் பட்டதே.

இத்தகைய ஒருவரை 'கடல் ஆகாது' என்று தொழிலிலிருந்து நிறுத்துவது எளிய அறிவுரைபோலத் தோன்றும். நிறுத்தச் சொல்பவருக்கு அதில் இழப்பொன்றும் இல்லை. மூழ்குவோரை நீரிலிருந்து விலக்கும் முன் அவர்கள் மூக்கினுள் ஒருமுறையாவது எண்டோஸ்கோப்பில் பார்த்திருக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. பருவம் தொடங்குமுன் கரையூர்களிலேயே முகாம் வைத்து மூழ்குவோரின் காதும் மூக்கும் பல்லும் பார்த்துவிட முடியும். அதற்குப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. எங்களைப் போன்ற மருத்துவமனைகள் நோயாளி வரட்டும் என்று காத்திராமல் அங்கே செல்ல வேண்டும். படகு உரிமையாளரும் சங்கு வணிகரும் அந்நாளுக்கான கூலியைப் பொறுத்துக்கொண்டால் வருவோர் எண்ணிக்கை கூடும்.

அவருக்குச் சதையை அடியோடு நீக்கி, வேர்ப்பகுதியை மின்சூட்டால் தீய்த்தோம். இந்நோய் மீண்டும் வளரும் இயல்புடையது. எனவே சில மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லியிருக்கிறோம். புண் ஆறி, எண்டோஸ்கோப்பில் தெளிவாகத் தெரிந்தபின், இனி மூழ்கலாம் என்று சொன்னோம். அவர் ஒன்றும் பேசாமல் மனைவியைப் பார்த்தார்.

'கடலுக்குப் போகட்டும்யா,' என்றார் அவர். 'ஊருணிக்குத்தான் இனி விடமாட்டேன். வீட்டுல ரெண்டு குடம் தண்ணி நான் எடுத்து வைக்கிறேன்.'